கொல்லைப்புறத்திலிருந்து ஒரு பண்ணை வீடு

பழைய வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் வாசலில் இருந்துதான் தொடங்குகிறார்கள். திண்ணையின் அகலம், தூணின் வேலைப்பாடு, நிலைக்கதவில் செதுக்கிய கஜலட்சுமி, உள்ளே போனால் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தில் பர்மா தேக்கு என்று போகும் அந்த எழுத்து, கூடத்தில் மாட்டியிருக்கிற பெல்ஜியம் கண்ணாடியோடு முடிந்துவிடும். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி இப்படி ஏராளமாக வந்துவிட்டது. பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஜமீன் கட்டடங்களையும் பண்ணை வீடுகளையும் பற்றி அவ்வளவாக வரவில்லை. வரத்தான் போகிறது. பழையது எதுவானாலும் ‘பாரம்பரியம்’ என்று விலைபோகிற காலம் இது. அந்த எழுத்து வந்து சேர்வதற்கு முன்னால் சில கேள்விகளைப் போட்டு வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆட்கள் அந்த வீடுகளுக்குள் வாசல் வழியாகப் போனதில்லை. கொல்லை வழியாகத்தான் போனார்கள். அதுவும் மாட்டுக்கொட்டகை வரைக்கும்தான். ஆகவே இந்தக் கட்டுரையும் கொல்லையிலிருந்தே தொடங்குகிறது.

1. பண்ணை என்றால் எது?

விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்தது 1837இல், இறந்தது 1901இல். இந்த அறுபத்துச் சொச்சம் ஆண்டுகளில் இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் இரண்டும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவுக்குள் இருந்தன. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல். அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மறுபடி சேர்ந்து, 2007இல் நிலையாகப் பிரிந்தது. அன்றைக்கு அரியலூர், உடையார்பாளையம் இரண்டும் பாளையமாக இருந்து ஜமீனாக மாறிய இடங்கள். மிச்ச ஊர்களில் ரயத்துவாரி. நிலத்துக்குப் பட்டா உண்டு. பட்டாதாரர் நேராக சர்க்காருக்கு வரி கட்டுவார். ஜமீனில் அரண்மனை, ரயத்துவாரியில் பண்ணை வீடு. பேர் வேறு வேறாக இருந்தாலும் உழுதவன் ஒருவன்தான். இரண்டு ஏற்பாட்டிலும் அவனுக்குப் பட்டா கிடையாது.

‘பண்ணை’ என்று எங்கள் பக்கத்தில் சொன்னால் அது கட்டடத்தை மட்டும் குறிக்காது. நிலம், வீடு, களம், கிணறு, மாடு, ஆள் எல்லாம் சேர்ந்ததுதான் பண்ணை. “அது பெரிய பண்ணை” என்று சொன்னால் எத்தனை ஏர், எத்தனை ஜோடி மாடு, எத்தனை ஆள் என்று அடுத்து கேட்பார்கள். மாட்டுக்குப் பக்கத்தில் ஆளை வைத்து எண்ணிய கணக்கு அது. கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காகப் பண்ணையில் சேர்ந்தவன் பண்ணையாள். அன்றாடம் தானியத்தைப் படியாக அளந்து வாங்கியவன் படியாள். அப்பன் பட்ட கடன் மகன் தலையில் ஏறும். மகன் கல்யாணத்துக்கு இன்னொரு கடன். அந்த ஆளைத் தவிர்த்துவிட்டுப் பண்ணை வீட்டின் கட்டடக்கலை என்று பேசுவது, அச்சாணியை விட்டுவிட்டுத் தேரைப் பற்றிப் பேசுவது மாதிரி.

2. கட்டுகளும் எல்லைகளும்

ஒரு பண்ணை வீட்டின் அமைப்பைப் பார்ப்போம். தெருவில் திண்ணை. அடுத்து நடை. நடையைத் தாண்டினால் முற்றமும் கூடமும் உள்ள முதல் கட்டு. பிறகு சமையலும் தானிய அறையும் உள்ள இரண்டாம் கட்டு. அதற்குப் பின்னால் கிணறு, கொட்டகை, வைக்கோல்போர், எருக்குழி. இதற்கென்று தனியாக ஒரு பின்வாசல். அது வண்டிப்பாதையில் போய்ச் சேரும்.

இந்த வரிசையைக் கட்டடக்கலைக்காரர்கள் காற்றுக்கும் வெளிச்சத்துக்குமான ஏற்பாடு என்பார்கள். உண்மைதான். முற்றத்தில் சூடான காற்று மேலே போகிறது, தாழ்வாரம் வெயிலைத் தடுக்கிறது, மழைநீர் முற்றத்தில் விழுந்து வடிகால் வழியாகத் தோட்டத்துக்குப் போகிறது. அறிவான வேலை. ஆனால் அதே வரிசை சாதியின் வரைபடமாகவும் இருக்கிறது. தெருவழியாகவே நடக்கக் கூடாதவனுக்குத் திண்ணை எதற்கு? திண்ணையில் உட்காரலாம், நடைக்குள் வரக் கூடாது என்று சில சாதிகள். நடை வரைக்கும் வரலாம், கூடத்துக்குள் கூடாது என்று சில சாதிகள். கூடத்தில் உட்காரலாம், சமையற்கட்டை எட்டிப்பார்க்கக் கூடாது என்று சில சாதிகள். ஒவ்வொரு நிலைப்படியும் ஒரு சாதி நிற்கிற எல்லை. தச்சன் செதுக்கிய அந்த நிலைப்படியின் பூவேலை அழகாகத்தான் இருக்கும். அதைத் தாண்ட முடியாதவன் அந்தப் பூவேலையை எங்கிருந்து பார்ப்பான்?

எங்க அப்பாயி ஒரு பண்ணையில் சின்ன வயசிலிருந்து சாணி அள்ளியவர். அந்த வீட்டைப் பற்றி ஒருமுறை கேட்டேன். “ஊட்டுக்குள்ள எத்தன கட்டுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? கொட்டாயில எத்தன மாடு நின்னுச்சின்னு கேளு, பேரோட சொல்றேன்” என்றார். சொல்லவும் செய்தார். மயிலை, செவலை, காரி என்று நிறத்தோடும் கொம்போடும் சொன்னார். அந்தக் கொட்டகைத் தரை மழைக்காலத்தில் எந்த மூலையில் ஓதம் காக்கும், மூத்திரம் வடிகிற வாய்க்கால் எங்கே அடைக்கும், எந்தத் தூண் கறையான் அரித்தது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. இதுவும் ஒரு கட்டடத்தைப் பற்றிய அறிவுதானே! இதை யார் எந்த ஏட்டில் பதிவு செய்தார்கள்?

3. சுண்ணாம்பு யாருடையது?

அரியலூர் மண் ஒருகாலத்தில் கடலாக இருந்த மண். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே வாழ்ந்த கடல் உயிர்களின் ஓடுகள் காரை, கருடமங்கலம் பக்கமெல்லாம் பாறைக்குள் பதிந்து கிடக்கின்றன. விக்டோரியா காலத்திலேயே ஹென்றி பிளான்போர்ட் என்ற நிலவியல் ஆய்வாளர் இந்தப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதி 1862இல் வெளியிட்டார். கருடமங்கலத்துப் பக்கம் கிடைக்கிற சங்கு, சிப்பி பதிந்த சுண்ணக்கல்லை இழைத்து மெருகேற்றி அலங்காரக் கல்லாகப் பயன்படுத்தினார்கள். ‘திருச்சிராப்பள்ளி மார்பிள்’ என்று அதற்குப் பேர். வாரணவாசியில் இந்தக் கல்லுயிர்களுக்கு ஓர் அருங்காட்சியகமும் வந்துவிட்டது. செத்துப்போன சிப்பிக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைத்திருக்கிறது. சந்தோஷம்தான். அந்தச் சிப்பிக்கல்லை வெட்டிச் சுட்டவனுக்கு என்ன கிடைத்தது?

அந்தக் காலத்து வீட்டுக்குச் சிமெண்டு கிடையாது, சுண்ணாம்புதான். கல்லை உடைத்துக் காளவாயில் அடுக்கி விறகு போட்டுச் சுட வேண்டும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளிக்க வேண்டும். மணலோடு கலந்து, வட்டமான கல் தொட்டியில் மாடு கட்டி இழுக்கிற உருளைக்கல்லால் அரைக்க வேண்டும். கடுக்காயை ஊறவைத்த தண்ணீர், பனைவெல்லம் சேர்த்து நாள்கணக்காகப் புளிக்கவிட வேண்டும். மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. அதைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி பளபளக்கச் செய்வார்கள். மெட்ராஸ் டெரஸ் என்கிற மாடித்தளம் இன்னும் கடுமையான வேலை. தேக்கு விட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குறுக்குவாட்டில் செருகி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் நாள்கணக்காக அடிப்பார்கள். கட்டை துள்ளித் திரும்பும் வரைக்கும் அடிக்க வேண்டும். அப்படி அடித்த தளம் நூறு வருஷம் ஒழுகாது.

சுண்ணாம்பு கையை அரிக்கும். நகக்கண் வெடிக்கும். காளவாய்ப் புகையில் கண் எரியும். இந்தத் தொழிலில் கொத்தனாருக்கும் தச்சனுக்கும் கூலியோடு கொஞ்சம் மரியாதையும் உண்டு; கிருகப்பிரவேசத்தில் வேட்டி, தாம்பூலம் உண்டு. கல் உடைத்தவனுக்கும் மண் சுமந்தவளுக்கும் தளம் அடித்தவளுக்கும் வீடு முடிந்த பிறகு அந்த வீட்டுக்குள் நுழையும் உரிமையே இல்லை. சுண்ணாம்பு ஈரமாக இருக்கிற வரைக்கும் தீட்டு இல்லை. காய்ந்த பிறகு தீட்டு. இந்த விசித்திரமான வேதியியலை எந்த விஞ்ஞானி விளக்குவான்?

வீடு கட்டுகிற பொருளே ஒரு காலத்தில் சலுகையாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சோழர் காலத்துப் பிரமதேயச் செப்பேடுகளில், சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளும் உரிமை தனியாக எழுதித் தரப்பட்டது. கொங்குநாட்டுக் கல்வெட்டுகளில் கம்மாளர்கள் தங்கள் வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளும் உரிமையை அரசனிடமிருந்து பெற்றார்கள். ஊருக்கெல்லாம் வீடு கட்டித் தந்த கம்மாளனுக்கே தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது என்றால், சேரிக்காரனுக்கு என்ன நிலைமை? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி எல்லாம் தனித்தனியாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுக்கு முன்னாலேயே வரி இல்லாத நிலமாக அளந்து ஒதுக்கியிருக்கிறார்கள். வரியிலிருந்து நீக்கிய அதே அளவுகோல்தான் ஊரிலிருந்தும் நீக்கியது.

விக்டோரியா காலத்தில் புதுப் பொருள்கள் வந்தன. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். ‘சீமை ஓடு’ நாட்டு ஓட்டின் இடத்தைப் பிடித்தது. வார்ப்பிரும்புத் தூண், இரும்பு உத்திரம், கலர் கண்ணாடி வைத்த அரைவட்ட ஜன்னல் எல்லாம் வந்தன. மேல்மாடியில் துரைமார் பங்களா மாதிரி ஒரு வராந்தா. பண்ணை வீட்டின் முகம் மாறியது. முதுகு மாறவில்லை. கொல்லையில் அதே பின்வாசல், அதே கொட்டகை, அதே கொட்டாங்குச்சி.

4. இடித்த கல்லும் இடிக்காத வழக்கமும்

விக்டோரியா பட்டத்துக்கு வருவதற்கு முந்தைய ஆண்டு, 1836இல், அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. அதற்குக் கல் எங்கிருந்து வந்தது? கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலை இடித்து எடுத்துப் போனார்கள். ராஜேந்திர சோழன் எடுத்த மதில் வெள்ளைக்காரன் அணைக்குள் போய்விட்டது. இதைச் சொல்லி வருத்தப்படாத வரலாற்று ஆசிரியர் கிடையாது. நானும் வருத்தப்படத் தயார்தான். ஆனால் அந்தக் கல்லை முதலில் மலையிலிருந்து வெட்டி இழுத்து வந்தவர்கள் யார், எட்டு நூற்றாண்டு கழித்து அதே கல்லைப் பெயர்த்து ஆற்றுக்குச் சுமந்தவர்கள் யார் என்று கேட்டால் அந்த வருத்தம் பேச்சற்று நின்றுவிடுகிறது. கல்லுக்கு அழுகிற வரலாறு, கல் சுமந்த தோளுக்கு அழுததில்லை.

கல்லை இடிக்கத் தயங்காத கம்பெனி, வழக்கத்தை இடிக்க ரொம்பத் தயங்கியது. 1819இல் சென்னை ரெவின்யூ போர்டு, தன் ஜில்லாக்களில் நிலவும் அடிமை முறையைப் பற்றிக் கலெக்டர்களிடம் அறிக்கை கேட்டது. திருச்சிராப்பள்ளியிலிருந்தும் பதில் போனது. அடிமைகள் இருப்பது தெரிந்தது. தெரிந்தும் ஒழிக்கவில்லை, நிலவரி வசூல் கெட்டுவிடும் என்ற கவலை. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை என்ற நிலையைக் கோர்ட்டும் அதிகாரிகளும் ஏற்கக் கூடாது என்று மட்டும் சொன்னது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம்தான் அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. சட்டம் ‘அடிமை’ என்ற சொல்லை எடுத்தது. பண்ணை ‘கடன்’ என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்தது. ஆள் அதே ஆள், கொட்டகை அதே கொட்டகை.

நடுவில் 1858 நவம்பர் 1 அன்று ராணியின் பிரகடனம் வந்தது. சட்டத்தின் முன் எல்லோருக்கும் சமமான பாதுகாப்பு என்று அது சொன்னது. அதே மூச்சில், மதத்தில் தலையிட மாட்டோம், பழைய உரிமைகளையும் வழக்கங்களையும் மதிப்போம் என்றும் சொன்னது. பண்ணை முதலாளி இரண்டாவதைக் கேட்டுத் திருப்தியாகத் தூங்கியிருப்பார். முதலாவது வாக்கியம் சேரி வரைக்கும் வந்து சேரவே இல்லை.

1876–78 பெரும்பஞ்சம் வந்தபோது, மானாவாரிப் பூமியான எங்கள் பக்கத்தில் பத்தாயம் உள்ளவன் பிழைத்தான். பத்தாயத்தை நிரப்பியவன் செத்தான். செத்தவன் போக மிச்சம் பேர் நடந்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்களில் சேரி ஆட்கள் ஏராளம். பர்மாவிலிருந்து தேக்கு வந்தது, இங்கிருந்து ஆள் போனது. கப்பல் ஒன்றுதான். தேக்கை இன்றைக்கும் தடவிப் பார்த்து மெச்சுகிறோம். ஆள்?

5. தமிழ் படித்தவன் பார்வையில்

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்த ஊர்கள் வேறு வழியாகவும் அறிமுகமாகின்றன. உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ படித்தவர்களுக்கு அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்ற பெயர்கள் தெரிந்திருக்கும். அவர் தந்தை உடையார்பாளையம் ஜமீன் ஆதரவோடு சங்கீதம் வளர்த்த மரபில் வந்தவர். குன்னத்திலும் செங்கணத்திலும் தமிழ் கற்ற பிறகுதான், 1871இல், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஐயர் போய்ச் சேர்ந்தார். செங்கணத்தில் அவருக்கு யாப்பிலக்கணம் சொன்னவர் விருத்தாசல ரெட்டியார். நிலமும் தமிழும் ஒருங்கே உடையவர்கள் அன்றைக்கு இங்கே இருந்தார்கள், சுவடிகளைக் காப்பாற்றினார்கள், படிக்க வந்தவனுக்குச் சோறு போட்டார்கள். அந்த நன்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. அந்தச் சோறு எந்த வயலிலிருந்து வந்தது? கூடத்தில் யாப்பு பாடம் நடந்த காலத்தில், களத்தில் தூற்றிக்கொண்டிருந்தவன் பிள்ளை எந்தத் திண்ணையில் எழுத்து படித்தான்? தமிழைக் காப்பாற்றிய கூரையைத் தாங்கியவர்கள் அந்த மகத்தான நூலின் மையத்தில் இல்லை. ஏட்டுச்சுவடியைக் கறையானிடமிருந்து மீட்டோம் என்று பெருமைப்படுகிற நாம், ஒரு சமூகத்தின் வாய்ப்பேச்சைக் கறையான் தின்னவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அதே விக்டோரியா காலத்தின் கடைசியில் எங்கள் முன்னோர் சும்மா இருக்கவுமில்லை. 1891இல் அயோத்திதாசர் நீலகிரியில் மாநாடு கூட்டிக் கோரிக்கைகளை வைத்தார். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கினார். செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீர், சேரி மனையே மிராசுதாரின் பிடியில் இருக்கிறது, குடியிருக்கிற இடத்திலிருந்தே விரட்ட முடிகிறது, அதனால்தான் இவர்கள் தலைநிமிர முடியவில்லை என்பதை எடுத்துக் காட்டினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அடிமைத்தனத்தின் பூட்டு எங்கே இருக்கிறது என்று அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்: மனையில்.

6. குடிசை என்கிற கட்டடம்

இங்கிலாந்திலும் விக்டோரியா காலத்துப் பண்ணை வீடுகள் உண்டு. ராணியின் கணவர் ஆல்பர்ட் வின்ட்ஸரில் மாதிரிப் பண்ணைக் கட்டடங்களே கட்டினார். அங்கேயும் பண்ணைத் தொழிலாளிக்கு முதலாளி கொடுத்த குடில் உண்டு. வேலை போனால் வீடும் போகும். 1976இல் வந்த சட்டம்தான் அவர்களுக்குக் குடியிருக்கும் பாதுகாப்பைக் கொடுத்தது. இங்கே பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கிய தமிழ்நாட்டுக் குடியிருப்புச் சட்டம் 1971இல் வந்தது. வெள்ளைக்காரனுக்கு முன்பே நாம் சட்டம் போட்டோம். ஆனால் அங்கே குடில்காரன் தெருவில் செருப்போடு நடந்தான். வித்தியாசம் அங்கேதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராணியின் ஆஸ்பார்ன் மாளிகையில் இந்தியப் பாணியில் ஒரு தர்பார் மண்டபம் இருக்கிறது. 1890களின் தொடக்கத்தில் அதைச் செய்தவர் பஞ்சாபைச் சேர்ந்த பாய் ராம் சிங் என்ற கைவினைஞர். அவர் பேரைச் சொல்லித்தான் அந்த மண்டபத்தைக் காட்டுகிறார்கள். ஓவியமாகவும் அவர் அங்கே இருக்கிறார். கடல் தாண்டிப்போன கைக்குப் பேர் இருக்கிறது. காரையில் கல் சுட்ட கைக்குப் பேர் இல்லை.

சேரிக் குடிசையை யாரும் கட்டடக்கலை என்று சொல்வதில்லை. கரிசல் மண்ணையும் செம்மண்ணையும் எந்த அளவில் கலந்தால் சுவர் வெடிக்காது என்பது ஓர் அறிவு. பனையோலையை எத்தனை அடுக்கு எந்தச் சாய்வில் போட்டால் ஐப்பசி மழை உள்ளே வராது என்பது ஓர் அறிவு. பண்ணைக்குப் போட்ட அதே கைதான் தனக்கும் போட்டது. பண்ணைக்குத் தேக்கும் சுண்ணாம்பும், தனக்கு ஓலையும் சாணியும். பண்ணை வீட்டு வாசல்நிலை உயரம். உள்ளே போகிறவன் நெஞ்சு நிமிர்ந்து போகலாம். குடிசை வாசலில் குனிந்துதான் போக வேண்டும். குனிந்து பழகிய முதுகு வெளியே வந்தபிறகும் நிமிரவில்லை என்று சொன்னார்கள். அது குடிசையின் குற்றமா?

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. பல பண்ணை வீடுகள் பாகப்பிரிவினையில் சிதறின. வாரிசுகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். கூரையில் ஆலங்கன்று முளைத்தது. இதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஆள் நான் இல்லை. இடிக்கச் சொல்லவும் இல்லை. அவற்றில் எங்கள் பாட்டன் பாட்டி வியர்வை காய்ந்த சுண்ணாம்பு இருக்கிறது. இடித்தால் எங்கள் சாட்சியமும் சேர்ந்து போகும். காப்பாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் முழுசாகக் காப்பாற்றுங்கள்.

முழுசாக என்றால், கொட்டகையையும் சேர்த்து. பின்வாசலையும் அந்தக் கொல்லைப் பாதையையும் சேர்த்து. கூலியாக அளந்த மரக்காலை, கடன் எழுதிய கணக்கு நோட்டை, யார் எந்த இடம் வரைக்கும் வரலாம் என்று இருந்த வழக்கத்தைச் சேர்த்து. வரைபடம் போடுகிற மாணவர்கள் சமையற்கட்டோடு நிறுத்தாமல் எருக்குழி வரைக்கும் அளக்க வேண்டும். அங்கிருந்து சேரிக்கு எத்தனை தப்படி என்பதையும் அளக்க வேண்டும்.

இதை வெளியிலிருந்து யாராவது வந்து செய்வார்கள் என்று காத்திருக்க முடியாது. அரியலூரிலும் பெரம்பலூரிலும் கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகள் அவரவர் ஊர்ச் சேரியில் உள்ள வயசானவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதட்டும்: எந்தப் பண்ணை, எந்தக் காளவாய், யார் தளம் அடித்தது, எவ்வளவு கூலி, எங்கே வைத்துச் சோறு போட்டார்கள். பேரோடு எழுதட்டும். மாட்டின் பேர்கூட ஞாபகத்தில் வைத்திருக்கிறவர்களுக்கு மனுஷர்களின் பேர் மறந்திருக்காது. அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்க வேண்டும். தை அறுப்பு முடிந்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற நாள்களில் போனால் நிறையப் பேசுவார்கள்.